இடப்பக்கத்துக் குதிரைப்படை

ஞாயிற்றுக்கிழமைகளில் என் நண்பனின் மனைவி தையல் மெஷினைத் தொடமாட்டார். கர்த்தருடைய நாளில் ஊசியில் நூல் கோர்ப்பதில்லை என்பது அவருடைய தாய் வழி வந்த ஒழுங்கு. முதல் நன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை, எடுக்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புத் தைப்பதில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வாரத்தில் ஆறு நாட்கள் அந்த வீட்டின் முன்னறை முழுவதும் சாட்டின் துணியும் லேசும்தான். ஏழாம் நாள் அவருடைய வெட்டுமேசை சும்மா கிடக்கும். அதைச் சாப்பாட்டு மேசையோடு சேர்த்துப் போட்டால் ஆறடிக்கு நாலடி வரும். அந்த ஆறடிக்கு நாலடியில்தான் நானும் அவனும் பதினெட்டு வருடமாக நெப்போலியன் காலத்துப் போர்களை நடத்திவந்தோம்.

தெரியாதவர்களுக்கு விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள், சுண்டுவிரலின் ஒரு கணு உயரம். தொப்பி, பொத்தான், தோல்வார் எல்லாவற்றுக்கும் நாங்களே மயிர்த் தூரிகையால் நிறம் தீட்டுவோம். எட்டுப் பத்துப் பேரை ஒரு பலகைத் துண்டில் ஒட்டினால் அது ஒரு படைப்பிரிவு. அவன் எப்போதும் நீலச்சட்டைப் பிரெஞ்சுக்காரன். அவனுக்கு எதிரே யார் யார் நின்றார்களோ அவர்கள் எல்லாரும் நான். முறை வைத்து நகர்த்துவோம், தூரத்தை அளவுகோலால் அளப்போம், யார் நிற்பது யார் ஓடுவது என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். விதிப்புத்தகம் நூறு பக்கத்துக்கு மேல். மழை பெய்தால் துப்பாக்கி மருந்து நனைவதற்குக்கூட அதில் ஒரு அட்டவணை இருந்தது. பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் பொழுதுபடும்போதும் போர் பாதியில் நிற்கும். திங்கட்கிழமை தையலுக்கு மேசை வேண்டும் என்பதால் பல வாரம் வெற்றி தோல்வி இல்லாமலே எல்லாரையும் பெட்டிக்குள் போட்டு மூடுவோம்.

என் வீட்டுக்காரி இதைப் பொம்மை விளையாட்டு என்பாள். சொந்தக்காரர்கள், "இந்த நாட்டில பட்ட சண்டை காணாதே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு என் நண்பன்தான் ஒருமுறை யாருக்கோ சொன்னான்: "இதில செத்தவனெல்லாம் இருநூறு வருசத்துக்கு முந்திச் செத்தவன். ஒருத்தன்ர தாயும் படத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டில நிக்கேல்ல." அதற்குப் பிறகு அந்த ஆள் எங்களிடம் இதைப் பற்றிக் கதைக்கவில்லை.

நான் வெள்ளவத்தையில் கணித டியூஷன் எடுப்பவன். ஞாயிறு காலை வகுப்பு பன்னிரண்டரைக்கு முடியும். கோட்டைக்கு ரயில், அங்கிருந்து பஸ். அவன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். அவனுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம், என்னைவிட நன்றாக விளையாடுவான், தோற்றாலும் சிரிப்பான். எனக்குத் தோற்றால் மூன்று நாள் சோறு இறங்காது. இந்தக் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

ஒரு ஞாயிறு நான் இரண்டு குதிரைப்படைகளை அவனுடைய இடப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தேன். மறைவாக அல்ல, வெட்டவெளியில். குதிரை வருவதைக் கண்டால் காலாட்படை நான்கு பக்கமும் துப்பாக்கி நீட்டிச் சதுரம் கட்ட வேண்டும். அது இந்த விளையாட்டில் அரிச்சுவடி. அவன் கட்டவில்லை. நடுவில் தன் பீரங்கிகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு இருந்தான். நான் பாய்ந்தேன். மூன்று படைப்பிரிவுகள் ஒரே அடியில் போயின. "என்ன மச்சான், நித்திரையே?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம் பிந்திச் சிரித்தான்.

அடுத்த ஞாயிறும் இடப்பக்கமாகவே போனேன். அன்றும் அவன் பார்க்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. பதினெட்டு வருடத்தில் நான் அவனைத் தொடர்ந்து மூன்று வாரம் வென்றது அதுதான் முதல் தடவை. ரயிலில் திரும்பும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. கடற்கரை ஓரமாக வீடு போய்ச் சேரும்வரை என் குதிரைப்படைத் தந்திரத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். அந்த மூன்று வாரச் சந்தோசத்தை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது.

நான்காவது வாரம் என் முறையில் ஒரு படைப்பிரிவை அவனுடைய இடது ஓரத்தில் நகர்த்திக்கொண்டிருந்தேன். என் கை இன்னும் மேசை மேலேயே இருந்தது. "முடிச்சிட்டியா?" என்று கேட்டான். நான் கையை எடுக்கவில்லை. அவன் மேசை நடுவைப் பார்த்தபடி தாயக்கட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு காத்திருந்தான். நான் கையை மெதுவாக, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக, நடுப்பக்கம் கொண்டுவந்தேன். மேசையின் இடது விளிம்பிலிருந்து இரண்டடிக்கு மேல் வந்த பிறகுதான் அவனுடைய கண் துள்ளியது. கணக்கு வாத்தியார் புத்தி. அளவுகோல் பக்கத்திலேயே கிடந்தது. நான் அளந்து பார்த்தேன். இருபத்தேழு அங்குலம். அவன் நான் அளப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி அன்று கோயிலில் மாதர் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவன் எழுந்து போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"கண்ணுக்குள்ள பிரஷர் மச்சான். ரெண்டு கண்ணும். இடப்பக்கம் கூடப் போயிட்டு, வலப்பக்கமும் ஓரம் போகுது. போனது திரும்பி வராதாம். சொட்டு மருந்து விட்டா மிச்சத்தைக் கொஞ்ச நாள் பிடிச்சு வச்சிருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னார்."

"தங்கச்சிக்குத் தெரியுமோ?" என்றேன். அவன் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"இல்லை. தெரியவும் கூடாது."

"கார்?"

அவர்களிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. தைத்த உடுப்புகளை வீடுகளில் கொண்டுபோய்க் கொடுக்கவும், அவன் மனைவியைச் சந்தைக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போகவும் அவன்தான் அந்தக் காரை ஓடுவான். "ஓட வேண்டாமெண்டுதான் சொன்னவர்" என்றான். "நாலு தெருதானே மச்சான். பிறந்த இடம். கண்ணை மூடிக்கொண்டும் ஓடுவன். அவளுக்குத் தெரிஞ்சா நாளையில இருந்து கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு திரிவாள். அதுக்குப் பிறகு நான் என்னத்துக்கு?"

நான் கத்தியிருக்க வேண்டும். பிழையாக ஒரு கூட்டல் போட்ட பிள்ளையிடம் சுவர் அதிரக் கத்துகிறவன் நான். அன்று கத்தவில்லை. அவன் கண்கள் கலங்கியிருந்தன. ஐம்பது வருடப் பழக்கத்தில் நான் அதைக் கண்டதில்லை. "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லு" என்றான். சொல்லமாட்டேன் என்றேன். "கார் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுப் போடு" என்றும் சொன்னேன். அது ஒரு நிபந்தனை என்று எனக்கு நானே அப்போது சொல்லிக்கொண்டேன்.

பிரச்சினை விளையாட்டுத்தான். ஆறடி மேசை அவனுக்கு இனி அகலம் கூட. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் அவன் மனைவி எந்த நேரமும் அறைக்குள் வந்து போகிறவர், கண்டுபிடித்துவிடுவார். விளையாடாமல் விட்டாலும் ஏன் என்று கேட்பார். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு இணையத்தில் தேடி, அதே காலத்துப் போர்களுக்கு யாரோ எழுதிய ஃபாஸ்ட் பிளே விதிகளைக் கண்டுபிடித்து, வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்தேன். இரண்டே பக்கம். இரண்டடிச் சதுரப் பலகை போதும். ஆளுக்குப் பன்னிரண்டு படைப்பிரிவு. செத்தவர்களை எண்ணுவது கிடையாது. ஒருமுறை அடிபட்டால் பின்வாங்கு, இரண்டாம் முறை அடிபட்டால் பெட்டிக்குள் போ. ஒன்றரை மணித்தியாலத்தில் போர் முடிந்துவிடும்.

அதோடு அச்சில் இல்லாத ஒரு விதியை நானே சேர்த்தேன். நகர்த்துகிறவன் நகர்த்துவதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். "உன்ர இடப்பக்கம், என்ர குதிரை ரெண்டு, ஒரு சாண் தூரம்" என்று நான் சொல்வேன். அவன் தலையைத் திருப்பாமல், "நாலாம் படை சதுரம்" என்பான். பலகையைச் சற்று வலப்பக்கமாகத் தள்ளி வைப்பேன். தாயக்கட்டையை மேசையில் போடாமல் அவன் வலது கையிலேயே கொடுப்பேன். ஒரு மாதத்தில் எங்களுக்கு இதெல்லாம் கை தானாகச் செய்கிற வேலையாகிவிட்டது. அவன் மறுபடியும் என்னை வெல்லத் தொடங்கினான். நான் பெரிய புண்ணியம் செய்கிறவன் மாதிரி உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தேன்.

அவன் மனைவிக்கு இந்த மாற்றம் நல்ல சந்தோசம். "என்ன அண்ணா, சண்டை டக்கெண்டு முடிஞ்சு போச்சு?" என்று கேட்டார்.

"இது ஃபாஸ்ட் பிளே தங்கச்சி. எங்களுக்கும் வயசு போகுதுதானே."

"நல்லம். இனி நாலு மணிக்குப் பிறகு இவரைக் கூட்டிக்கொண்டு உடுப்புக் குடுக்கப் போகலாம். ஞாயிற்றுக்கிழமையிலதான் எல்லாரும் வீட்டில நிப்பாங்க."

தைக்கத்தான் கூடாது, தைத்ததைக் கொடுக்கப் போவதில் பிழையில்லை என்பது அவர் கணக்கு. இப்படியாக நான் மிச்சம்பிடித்துக் கொடுத்த அந்த இரண்டு மணித்தியாலத்தில் அவன் கார் ஓடினான். குறைப்பதாக இருந்தவன் கூட்டினான். எனக்கு அது தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு அவன் கார்ச் சாவியை எடுக்கும் சத்தம் என் காதில் விழும். நான் சிப்பாய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவன் குளிக்கப் போன நேரம் அவர் என்னிடம் நேராகவே கேட்டார். "அண்ணா, இவர் இப்ப ஒரு மாதிரி. கதவு நிலையில முட்டுறார். போன கிழமை வாசலில நிண்ட பிள்ளையைத் தட்டி விழுத்தப் பாத்தார். உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

அதைவிட வசதியான சந்தர்ப்பம் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. "அவன் சின்ன வயசிலயும் அப்பிடித்தான் தங்கச்சி, நிலம் பாத்து நடக்கமாட்டான்" என்றேன். அவர் சிரித்தார். என்னை நம்பினார். நான் படித்தவன், வாத்தியார், கணவனின் நண்பன். நம்பாமல் என்ன செய்வார்?

ஒன்பது மாதம் இப்படிப் போயிற்று. அந்த ஞாயிறு போர் மூன்றே முக்காலுக்கு முடிந்தது. அன்று அவர்களுக்குப் புறக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் உடுப்புக் கொடுக்க இருந்தது. "அண்ணா, ஏறுங்க, அப்பிடியே ஸ்டேஷனில இறக்கி விடுறம்" என்றார் அவர். நான் பின் ஆசனத்தில் ஏறினேன். அவர் முன்னால் இடப்பக்கம். காரில் ஏசி எப்போதோ செத்துப்போனது. கண்ணாடியை இறக்கி, உடுப்புப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, இடது முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றியிருந்தார்.

ஞாயிறு என்றும் பாராமல் வேலை நடக்கும் ஒரு கட்டடத்தின் முன்னால், தெருவின் இடது ஓரத்தில் ஒரு கைவண்டி நின்றது. அதில் கொங்கிரீட் கம்பிகள். வண்டியைவிட்டு இரண்டு ஆள் நீளத்துக்குத் தெருப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. நான் கண்டேன். கார் ஒதுங்காமல் நேரே போவதையும் கண்டேன்.

வாயைத் திறந்தேன். மேசையில் என்றால் நான் அந்த நேரம் சொல்லியிருப்பேன்; ஒன்பது மாதமாக ஒவ்வொரு நகர்வுக்கும் சொன்னவன். ஆனால் "இடப்பக்கம்" என்று காருக்குள் கத்தினால் அவர் திரும்பி, ஏன், இவருக்குத் தெரியாதா என்று கேட்பார். அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தேன். அவனும் எப்படியும் கண்டிருப்பான் என்று நினைத்தேன். இவ்வளவையும் நினைக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரு மூச்சு. அந்த மூச்சு முடியும்போது கம்பிகள் ஜன்னலுக்குள் இருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க மாட்டேன். மடியில் இருந்த வெள்ளை உடுப்பைச் சுற்றித்தான் கையைக் கட்டினோம் என்று மட்டும் சொல்கிறேன். வேறு துணி இருக்கவில்லை.

முதலில் முழங்கைக்குக் கீழே எடுத்தார்கள். பத்து நாளில் கிருமி ஏறி, முழங்கைக்கு மேலேயும் எடுத்தார்கள். பொலிஸ்காரர் வந்து விசாரித்தபோது அவன், கம்பியில் சிவப்புத் துணி கட்டியிருக்கவில்லை என்று சொன்னான். அவன் கண்ணுக்கு அது கட்டியிருக்கவில்லைதான். பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். கைவண்டிக்காரர் இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டுத் தண்டம் கட்டி வெளியே வந்தார்.

அவனுடைய கண்ணை அதே ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். அவன் தன் மனைவியிடம், தனக்கே இது அன்றைக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டான். தாழ்வாரத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் அதையே சொல்லு மச்சான், இல்லாட்டி அவள் என்னை விட்டிட்டுப் போயிருவாள்" என்றான். நான் அதையும் சரி என்றேன். அந்தக் காலத்தில் நான் எதைத்தான் சரி என்று சொல்லவில்லை.

ஆனால் அவர் அவன்மேல் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாதது. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னார். "முப்பத்திரண்டு வருசம் பக்கத்தில படுத்து எழும்பியும், புருசனுக்குக் கண் போறது தெரியாம இருந்திட்டன். எனக்கு இது நல்லா வேணும்." மாதர் சபைப் பெண்கள் அழுதார்கள். நான் கட்டில் காலடியில் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பாரத்தை அவர் தலையிலிருந்து இறக்கிவிடலாம். அந்த வார்த்தையைச் சொன்னால் அவனுக்கு வீடு இல்லை, எனக்கு முகம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களை வாரத்துக்கு ஒன்றாக்கி, பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்றாக்கினேன்.

அவர் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமிருக்கும். எனக்கு டெலிபோனில் ஒரு கோல் எடுத்தார்.

"அண்ணா, இவர் நாள் முழுக்கச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். நீங்க வந்து முந்தி மாதிரி விளையாடுங்க. தெரியாத பக்கத்த வாயால சொல்லிச் சொல்லி விளையாடலாம்தானே? பழகினாச் சரி வரும்."

அந்த யோசனையைத் தானே கண்டுபிடித்ததாக அவர் நினைத்தார். நான் மறுத்திருக்கலாம். மறுக்க ஒரு காரணம் கண்டுபிடிக்க முடியாமல்தான் போனேன்.

தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடியிருந்தது. வெட்டுமேசையில் துணி ஒன்றும் இல்லை. இனி எல்லா நாளும் அது சும்மாதான். அவர் ஒரு கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, எங்களைப் பார்க்க உட்கார்ந்தார். இடது கைச் சட்டையை மடித்து ஊசி குத்தியிருந்தார். ஒற்றைக் கையால் ஊற்றிய தேநீர் எங்கள் மூன்று பேருக்கும் வைத்திருந்தார்.

நான் பலகையை வைத்தேன். படைகளை அடுக்கினோம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததால் விளையாட்டிலேயே கண்ணை வைத்திருந்தேன். அதுதான் நான் விட்ட பிழை. கண்ணை அங்கே வைத்ததும் கைகள் தங்கள் பாட்டுக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டன. பலகையை வலப்பக்கம் நான்கு விரல் தள்ளினேன். தாயக்கட்டையை அவன் வலது உள்ளங்கையில் வைத்தேன். அவன் கை ஏற்கனவே விரிந்து காத்திருந்தது. "உன்ர இடப்பக்கம், என்ர குதிரை ரெண்டு, ஒரு சாண்" என்றேன். "ரெண்டாம் படை சதுரம்" என்றான். "அடிபட்டது, பின்வாங்குது, வேலிக்கு இந்தப் பக்கம்." "சரி, பீரங்கி அதுக்கு நேரே." ஒரு தடுமாற்றமும் இல்லை. எங்களுக்குள் ஒரு சொல் பிந்தவில்லை.

மூன்று சுற்றுப் போயிருக்கும். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது இண்டைக்குத் தொடங்கின விளையாட்டு இல்லை" என்றார்.

நாங்கள் இருவரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் முப்பது வருசம் தைச்சனான் அண்ணா. ஒரு கைக்கு ஒரு வேலை பழக எத்தின நாள் போகும் எண்டு எனக்குத் தெரியும். எப்ப இருந்து?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஒன்பது மாசம்" என்றேன். "காருக்கு முந்தி ஒன்பது மாசம். அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பெரிய மேசையை விட்டு இந்த விளையாட்டுக்கு மாறினதே உங்களுக்குத் தெரியக் கூடாது எண்டுதான்."

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். வெளியே தெருவில் லொத்தர்ச் சீட்டு விற்பவனின் ஸ்பீக்கர் சிங்களத்தில் கத்திக்கொண்டு போயிற்று.

"ஆஸ்பத்திரியில ரெண்டாந் தரம் வெட்ட முந்தி பாதர் வந்தவர்" என்றார். "நான் பாவசங்கீர்த்தனம் செய்தனான். புருசனைக் கவனிக்காத பாவம் எண்டு சொல்லித்தான் செய்தனான். பாதர் அதுக்கு மன்னிப்பும் தந்தவர்."

குரலில் கோபம் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நல்லது போலிருந்தது எனக்கு. திட்டு வாங்குவது சுலபம். மன்னிக்கச் சொல்லிக் கேட்க நினைத்தேன். யாரிடம் எதற்கு என்று கேட்பது?

அவர் கொஞ்ச நேரம் எங்கள் படைகளைப் பார்த்தார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். அதை அவனும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. நான் பின்னால் இருந்தேன், கம்பியை என்னாலும் பார்க்க முடியவில்லை என்றுதான் அவன் நம்பியிருந்தான்.

"அண்டைக்குக் காருக்குள்ள, நீங்க அந்தக் கம்பியக் கண்டனீங்களா?"

இல்லை என்று சொல்லலாம். சாட்சி யாரும் இல்லை. அவனும் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, என் குரல் வரும் பக்கமாகத் தலையைத் திருப்பியிருந்தான்.

"கண்டனான்" என்றேன். "சிவப்புத் துணியும் கண்டனான்."

அவர் தன்னுடைய மடித்த சட்டைக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமே, அண்ணா" என்றார்.

போட்டிருக்கலாம்.